டெபியன் நிறுவல் எங்கே நின்றது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை, மீதியை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும் ‘நெட் இன்ஸ்ட்’ என்ற சிறு நிறுவல் கோப்பைக் கொண்டு, டெஸ்க்டாப் (சன்னல், ஐகான் உள்ள வரைகலைத் திரை) எதுவும் சேர்க்காமல் மொட்டையாக நிறுவுகிறவர்களுக்காக எழுதியது இது. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்புக்கும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்புக்கும் பொருந்தும். முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் திரையில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், காசு கேட்கும் காரணம் கடைசியில் இருக்கும்.

ஏதாவது தகராறு என்றால் உடனே முதலிலிருந்து மறுபடி நிறுவும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எத்தனை முறை நிறுவினாலும் அப்படியே திரும்பி வரும். காரணம் டெபியனுக்கு வெளியே, பென்டிரைவிலோ பயாஸிலோ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் இயந்திரத்தின் அடிப்படை மென்பொருள்) வைஃபை சிப்பிலோ உட்கார்ந்திருக்கும். பிழைச் செய்தி வந்தால் என்டர் தட்டிக் கடந்து போகாமல், முதலில் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் உள்ள இயந்திரம் என்றால் பயாஸில் கை வைக்கும் முன் இரண்டு வேலை. உங்கள் கோப்புகளை வெளியே ஒரு டிஸ்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வையுங்கள். 48 இலக்கம் உள்ள அந்தச் சாவி இல்லாமல் பயாஸில் எதையாவது மாற்றி, விண்டோஸ் பூட்டிக்கொண்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

பென்டிரைவ் செருகியும் நேராக விண்டோஸே வருகிறது

முதலில் கேட்க வேண்டியது, கோப்பைப் பென்டிரைவில் எப்படிப் போட்டீர்கள்? இறக்கிய நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) சும்மா காப்பி பேஸ்ட் செய்திருந்தால் அது பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் எழுத வேண்டும். ரூஃபஸ் ‘ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா’ என்று கேட்டால் டிடி என்று சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு விண்டோஸ் அந்தப் பென்டிரைவை ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்தது பூட் மெனு. இயந்திரத்தை ஆன் செய்ததும் லெனோவோ, டெல், ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப் என்று பெரும்பாலும் இருக்கும். ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் தவறிப்போகும், விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். ஏசரில் பல மாடல்களில் எஃப்12 மெனு பயாஸுக்குள் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி உள்ளே போய் அதை முதலில் இயக்க வேண்டும்.

எந்தப் பொத்தானுக்கும் அசைந்து கொடுக்கவில்லையா? விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ காரணமாக இருக்கலாம். அது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் இயந்திரம் முழுதாக அணைவதில்லை. ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள்.

மெனு வருகிறது, பென்டிரைவின் பெயர் மட்டும் இல்லை என்றால் வேறு யுஎஸ்பி துளையில் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். அப்போதும் இல்லையென்றால் வேறு பென்டிரைவ். அட்டையில் 64 ஜிபி என்று போட்டு உள்ளே அதில் கால்வாசி கூட இல்லாத போலிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. நெட் இன்ஸ்ட் கோப்பு ஒரு ஜிபிக்குள்தான், ஆகவே மேசை டிராயரில் கிடக்கும் பழைய 4 ஜிபி போதும்.

பயாஸே கடவுச்சொல் கேட்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய இயந்திரம், விற்றவருக்கும் தெரியவில்லை என்றால் அங்கே நிறுத்துங்கள். லேப்டாப்பில் அதைக் கழற்றுவது சர்வீஸ் கடை வேலை, வாங்கிய ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள்.

‘செக்யூரிட்டி வயலேஷன்’ என்று திரையில் வருகிறது

டெபியன் 10 முதல் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத பூட் கோப்பைத் தடுக்கும் காவல்) ஆதரவு உண்டு, ஆகவே இது பொதுவாக வரக்கூடாது. வந்தால் இறக்கிய கோப்பு சரியானதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் நீளமாக ஒரு எண்ணெழுத்து வரிசை வரும். டெபியன் தளத்தில் ஐஎஸ்ஓ பக்கத்திலேயே உள்ள எஸ்எச்ஏ256 பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போயும் செய்தி வந்தால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுத் தொடருங்கள். பிட்லாக்கர் சாவி பற்றி மேலே சொன்னது இந்த இடத்துக்காகவும்தான்.

‘எக்ஸ்86-64 சிபியு வேண்டும்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது

32 பிட் இயந்திரம். 13ஆம் பதிப்புக்கு 32 பிட் பீசி நிறுவி கிடையாது. 12இன் ‘ஐ386’ பதிப்பை இறக்குங்கள். வேறு வழி இல்லை.

நிறுவியின் மெனு வருகிறது, ‘இன்ஸ்டால்’ கொடுத்ததும் திரை இருண்டுவிடுகிறது

கிராஃபிக்ஸ் சிப்போடு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒத்துப்போகவில்லை. மெனுவில் ‘கிராஃபிக்கல் இன்ஸ்டால்’ வேண்டாம், வெறும் ‘இன்ஸ்டால்’ வரியில் நில்லுங்கள். மெனுவின் தலைப்பில் ‘யுஇஎஃப்ஐ’ (பயாஸின் புதிய வடிவம்) என்று இருந்தால் ‘இ’ எழுத்தை அழுத்துங்கள், ‘பயாஸ் மோட்’ என்று இருந்தால் டேப் அழுத்துங்கள். அங்கே வரும் நீளமான வரியில் (யுஇஎஃப்ஐயில் அது ‘லினக்ஸ்’ என்று தொடங்கும்) அடுத்தடுத்து மூன்று சிறு கோடுகள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து, யுஇஎஃப்ஐ என்றால் எஃப்10, பயாஸ் என்றால் என்டர்.

மூன்று கோடுகளுக்குப் பின்னால் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எழுதுவதை நிறுவி அப்படியே புதிய டெபியனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். முன்னால் எழுதினால் நிறுவும்போது மட்டும் வேலை செய்து, முதல் ரீபூட்டில் மறுபடி இருட்டு.

நோமோட்செட் போட்டும் இருட்டுதான் என்றால் வெளி மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐ வயரில் மாட்டிப் பாருங்கள். அதில் படம் வந்து, விண்டோஸிலும் லேப்டாப் திரை இருட்டாகவே இருந்தால் கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. அது கடை வேலை.

டிஸ்க் பட்டியலில் ஹார்டுடிஸ்க்கே இல்லை, பென்டிரைவ் மட்டும் தெரிகிறது

முதலில் ஓர் எச்சரிக்கை. பட்டியலில் ஒன்றே ஒன்று தெரிகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அளவைப் பாருங்கள், அது உங்கள் பென்டிரைவாகவே இருக்கும். ‘முழு டிஸ்கையும் பயன்படுத்து’ என்ற வழி, சொன்னபடி முழுவதையும் அழிக்கும்.

பயாஸில் சேமிப்பகம் ‘ரெய்டு’ என்றோ ‘இன்டெல் ஆர்எஸ்டி’ என்றோ இருப்பதே வழக்கமான காரணம். ‘ஏஎச்சிஐ’க்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் தேவையில்லை என்றால் மாற்றிவிட்டு மேலே போகலாம். விண்டோஸும் இருக்க வேண்டும் என்றால் மாற்றும் முன் விண்டோஸில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து சேஃப் மோடில் தொடங்கும்படி குறித்து வையுங்கள். பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் விண்டோஸை எழுப்பினால் அது புதிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு குறித்ததை எடுத்துவிடலாம். இந்தப் படியைத் தாண்டிப் போனால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

ஏஎச்சிஐயில் இருந்தும் டிஸ்க் தெரியவில்லை, பயாஸின் முதல் பக்கத்திலும் அதன் பெயர் இல்லை என்றால் டிஸ்க் கழன்றிருக்கிறது அல்லது செத்துவிட்டது. மூடியைத் திறக்கத் தெரிந்தவர் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கலாம். உள்ளே நகல் எடுக்காத கோப்பு இருந்து, டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டேட்டா மீட்புக்காரரிடம் கொடுங்கள். ஆன் செய்து ஆன் செய்து பார்ப்பதுதான் மிச்சம் இருப்பதையும் கெடுக்கும்.

நிறுவும்போது வைஃபை தெரியவில்லை

12ஆம் பதிப்பிலிருந்து வைஃபை சிப்புகளுக்கான ஃபர்ம்வேர் (சிப் இயங்கத் தேவையான சிறு மென்பொருள்) அதிகாரபூர்வக் கோப்பிலேயே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு போராடுகிறீர்கள் என்றால் புதியதை இறக்குவதே மருந்து. பழைய பிராட்காம் சிப் சிலவற்றுக்கு மட்டும் இன்னும் கோப்புக்குள் இடமில்லை, நிறுவிய பிறகு நெட்டிலிருந்து இறக்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் சிப்போடு மல்லுக்கட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு மொபைலை யுஎஸ்பி வயரில் இணைத்து, அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’ இயக்குங்கள். பட்டியலில் புதிதாக ஒரு நெட்வொர்க் வந்து நிற்கும். மொபைல் வைஃபையில் இருந்தால் டேட்டாவும் செலவாகாது. ரூட்டர் பக்கத்தில் இருந்தால் நெட் கேபிள் இதைவிட நல்லது.

பாதியில் சிவப்புத் திரை: ‘பேஸ் சிஸ்டம் நிறுவ முடியவில்லை’

ஆல்ட் எஃப்4 அழுத்தினால் நிறுவி உள்ளே என்ன செய்கிறது என்ற பதிவு ஓடும். ஆல்ட் எஃப்1 பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும். எழுத்து வடிவ நிறுவியில்தான் இந்தப் பொத்தான்கள் இப்படி வேலை செய்யும், நான் கிராஃபிக்கல் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசி வரிகளில் எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள்.

‘மிரர்’ என்றோ ‘டவுன்லோட்’ என்றோ இருந்தால் நெட் அறுந்திருக்கிறது. பின்னால் போய் வேறு மிரர் (டெபியன் பொதிகளின் நகல் உள்ள சர்வர்) தேர்ந்தெடுங்கள். ‘டெப்.டெபியன்.ஆர்க்’ எப்போதும் பாதுகாப்பான தேர்வு.

‘ஐ/ஓ எர்ரர்’ என்று வந்தால் கூடவே டிஸ்கின் பெயரும் இருக்கும். பென்டிரைவைக் காட்டினால் வேறு பென்டிரைவில் எழுதுங்கள். உள் டிஸ்கைக் காட்டினால் விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். ‘பெண்டிங் செக்டர்’, ‘ரீஅலொகேட்டட் செக்டர்’ எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கில் நிறுவுவது வீண். புது எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இது ஒன்றுதான் செய்த மறுநாளே தெரியும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேம் மீது சந்தேகப்படுங்கள். மெம்டெஸ்ட்86+ஐ ஒரு இரவு ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் ரேமை மாற்ற வேண்டும். போர்டோடு ஒட்டிய ரேம் என்றால் கடைக்குப் போகும் முன் இயந்திரத்தின் விலையை ஒருமுறை யோசியுங்கள்.

முடிந்தது என்றது, ரீபூட் செய்தால் டெபியன் இல்லை

*விண்டோஸே வருகிறது.* பயாஸின் பூட் வரிசையில் ‘டெபியன்’ என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். சில ஏசர் மாடல்களில் பயாஸுக்கு ஒரு கடவுச்சொல் வைத்து, டெபியனின் பூட் கோப்பை ‘நம்பகமானது’ என்று குறித்தால்தான் அது எடுபடும். பெயரே பட்டியலில் இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து மறுபடி பூட் செய்து, ‘அட்வான்ஸ்டு’ பிரிவில் ‘ரெஸ்க்யூ மோட்’ போங்கள். மொழி, நெட்வொர்க் என்று முன்பு கேட்டதையே கேட்கும், பயப்பட வேண்டாம், எதையும் அழிக்காது. உங்கள் ரூட் பார்ட்டிஷனை (டெபியன் நிறுவிய டிஸ்க் பகுதி) காட்டியதும் வரும் மெனுவில் க்ரப்பை (இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல்) ‘இஎஃப்ஐ ரிமூவபிள் மீடியா’ பாதையில் நிறுவும் தேர்வு இருக்கும். பூட் வரிசையை மதிக்காத பயாஸ்கள் அந்தப் பாதையை மட்டும் மதிக்கும்.

*க்ரப் ரெஸ்க்யூ என்று ஒற்றை வரி.* அதே ரெஸ்க்யூ மோட், அங்கே ‘க்ரப்பை மறுபடி நிறுவு’. பென்டிரைவை நிறுவியபோது எந்த முறையில் எழுப்பினீர்களோ அதே முறையில் எழுப்புங்கள். மெனுத் தலைப்பில் யுஇஎஃப்ஐ இருந்ததா, பயாஸ் இருந்ததா என்பது அதற்காகத்தான் முக்கியம்.

*டெபியன் வருகிறது, விண்டோஸைக் காணோம்.* அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். புதிய க்ரப், பிற இயங்குதளங்களைத் தானாகத் தேடுவதில்லை. ஈடிசி ஃபோல்டரில் ‘டீஃபால்ட்’ என்பதற்குள் ‘க்ரப்’ கோப்பைத் திறந்தால், ‘க்ரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்’ என்ற வரி முன்னால் # குறியோடு இருக்கும். குறியை நீக்கி, ‘ஃபால்ஸ்’ என்று இருப்பதை உறுதி செய்து, ‘அப்டேட்-க்ரப்’ ஓட்டுங்கள். ‘ஓஎஸ்-ப்ரோபர்’ பொதியும் (டெபியனில் மென்பொருள் வரும் தொகுப்பு) நிறுவியிருக்க வேண்டும்.

கறுப்புத் திரையில் ‘லாகின்’ மட்டும் நிற்கிறது

கோளாறே இல்லை. டெஸ்க்டாப் வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுங்கள். கடவுச்சொல் அடிக்கும்போது நட்சத்திரம்கூட வராது, அதுவும் இயல்புதான். மனம் மாறினால் ரூட்டாக (முழு உரிமை உள்ள நிர்வாகக் கணக்கு) ‘டாஸ்க்செல்’ ஓட்டி எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

‘சூடோ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’

நிறுவும்போது ரூட் கடவுச்சொல் கொடுத்தீர்கள் அல்லவா, அதனால்தான். அதைக் காலியாக விட்டிருந்தால் நிறுவி உங்களுக்கே சூடோ உரிமை (நிர்வாகக் கட்டளைகளை ஓட்டும் உரிமை) தந்திருக்கும். இப்போது ‘சு’ அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் போட்டு, ரூட் கடவுச்சொல் கொடுங்கள். அந்தக் கோட்டை மறக்காதீர்கள். அது இல்லாமல் போனால் ‘ஆட்யூசர்’ போன்ற கட்டளைகளே இல்லை என்று இயந்திரம் சாதிக்கும். பிறகு ‘ஆப்ட் இன்ஸ்டால் சூடோ’ (ஆப்ட் என்பது பொதிகளை நிறுவும் கருவி), அடுத்து ‘ஆட்யூசர்’, உங்கள் பெயர், ‘சூடோ’. லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால்தான் செல்லும்.

நிறுவும்போது இருந்த வைஃபை இப்போது இல்லை

மொட்டை நிறுவலில் ஆட்கள் மனம் விட்டுப்போகும் இடம் இதுதான். நெட்டைச் சரிசெய்யும் பொதியை இறக்கவே நெட் வேண்டும்.

இன்னும் நிறுவியை விட்டு வெளியே வரவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ‘நிறுவல் முடிந்தது’ என்ற திரையில் ‘கோ பேக்’ கொடுத்து, மெனுவில் ‘ஷெல்’ திறந்து, ‘இன்-டார்கெட் ஆப்ட் இன்ஸ்டால் நெட்வொர்க்-மேனேஜர்’ அடியுங்கள். பிறகு ரீபூட்.

ரீபூட் ஆகிவிட்டதா? ரூட்டாக ‘ஐபி ஏ’ அடித்துப் பாருங்கள். ‘டபிள்யூஎல்’ என்று தொடங்கும் பெயர் வைஃபை, ‘ஈஎன்’ என்று தொடங்குவது பெரும்பாலும் கேபிள். டெதரிங் என்றால் ‘யுஎஸ்பி0’ என்றோ ‘ஈஎன்எக்ஸ்’ என்று தொடங்கும் நீளப் பெயராகவோ வரும்.

வைஃபை பெயரே இல்லையென்றால் ‘டிமெஸ்ஜி’ ஓட்டி ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். எது கிடைக்கவில்லை என்று அதுவே சொல்லும். இன்டெல் சிப் என்றால் ‘ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை’, ரியல்டெக் என்றால் ‘ஃபர்ம்வேர்-ரியல்டெக்’ பொதி.

நெட்வொர்க்-மேனேஜர், ஃபர்ம்வேர் இரண்டுக்கும் தற்காலிக நெட் வேண்டும். மொபைலை டெதரிங்கில் வைத்து, ‘ஐபி ஏ’யில் தெரிந்த பெயரோடு 12இல் ‘டிஎச்கிளையன்ட்’, 13இல் ‘டிஎச்சிபிசிடி’ கட்டளையைக் கொடுங்கள். ‘பிங்’ அடித்துப் பதில் வந்தால் நெட்வொர்க்-மேனேஜரையும் தேவையான ஃபர்ம்வேரையும் நிறுவுங்கள்.

நிறுவிவிட்டு நெட்வொர்க்-மேனேஜரின் ‘என்எம்டியுஐ’ திரையைத் திறந்தால் வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது என்று சிலர் திரும்பி வருவார்கள். ஈடிசிக்குள் ‘நெட்வொர்க்’ ஃபோல்டரில் ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் வைஃபையின் பெயர் இருந்தால் நெட்வொர்க்-மேனேஜர் அதைத் தொடாது, ‘வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்’ என்று ஒதுங்கிவிடும். ‘லோ’ என்று உள்ள வரிகளை மட்டும் விட்டுவிட்டு, வைஃபை வரிகளின் முன் # போட்டு ரீபூட் செய்யுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ பார்த்து, லேப்டாப்பின் வைஃபை பொத்தான் அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கடைசி வழி சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை குச்சி. வாங்கும் முன் அதன் சிப் லினக்ஸ் கர்னலில் ஏற்கெனவே உள்ளதா என்று தேடிப் பாருங்கள்.

ஆப்ட் எதையும் நிறுவ மறுக்கிறது

‘டிஸ்கைச் செருகு’ என்று கேட்டால் ஆப்ட்டின் ‘சோர்சஸ் லிஸ்ட்’ கோப்பில் ‘சிடிராம்’ என்று உள்ள வரியின் முன் # போடுங்கள். ‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்றால் முதலில் ‘ஆப்ட் அப்டேட்’ ஓட்டுங்கள். ஓட்டியும் அதே செய்தி என்றால் நிறுவும்போது மிரர் தேர்ந்தெடுக்காமல் வந்திருப்பீர்கள், அதே கோப்பில் மிரர் வரியைச் சேர்க்க வேண்டும்.

‘நாட் வேலிட் யெட்’ என்று வந்தால் ‘டேட்’ அடித்துப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் இருக்கும். தேதியைத் திருத்தினால் சரியாகும். அணைத்து ஆன் செய்ததும் மறுபடி பின்னால் போனால் போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக் கணினியில் அது சிஆர்2032 வட்ட பேட்டரி, கடிகாரக் கடையில் கிடைக்கும், நீங்களே மாற்றலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒயரோடு வரும், கடைக்காரரிடம் விடுங்கள்.

விண்டோஸும் டெபியனும் மாறி மாறி ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் காட்டுகின்றன

இது பேட்டரி இல்லை. போர்டில் உள்ள கடிகாரத்தை டெபியன் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த இடைவெளி சரியாக 5:30. ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’ என்பதற்கு 1 கொடுத்தால் தீரும். டெபியன் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது

டெஸ்க்டாப் இல்லாத வெறும் கன்சோலில் தமிழ் வராது. அதற்கு மருந்து கிடையாது. டெபியன் நிறுவியிலும் தமிழ் மொழித் தேர்வு கிராஃபிக்கல் முறையில் மட்டும்தான் உண்டு. அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப் இல்லாமல் முடித்திருந்தால் பிழைச் செய்திகளும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ரூட்டாக ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோகேல்ஸ்’ ஓட்டி இயல்பு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

டெஸ்க்டாப் சேர்த்த பிறகும் கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்’ (கடைசிச் சொல் டி, ஏ, எம், எல் என்று நான்கே எழுத்து) அல்லது ‘ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’ நிறுவி, உலாவியை மூடித் திறங்கள். தட்டச்சு செய்ய ‘ஐபஸ்-எம்17என்’ பொதி. லாக் அவுட் செய்து வந்து ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.